கராஜ் கூரையில் 260 பவுண்டு ஹிட்ச்சைத் தொங்கவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். டெட்ராய்ட் பக்கத்தில் 27 வருடமாக இருக்கிறேன், வயது 61. ஓய்வு பெற்றதும் ட்ரக்கின் பெட்டுக்குள் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்று வாங்கி, கோடை முழுக்க நானும் மனைவியும் சுற்றி வருகிறோம். இழுப்பது முக்கால் டன் பிக்கப் ட்ரக், பெட் (பின்பக்கச் சரக்குத் தொட்டி) ஆறரை அடி நீளம். சின்ன பெட் என்பதால் டிரெய்லரை ட்ரக்கோடு கோக்கும் ஹிட்ச்சில், முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடர் வகையைப் போட்டிருக்கிறேன். எடை 260 பவுண்டு. அக்டோபர் கடைசியில் டிரெய்லரைப் பூட்டி வைத்ததும் ஹிட்ச்சைக் கழற்றிவிடுவேன், குளிர்காலத்தில் பெட் காலியாக வேண்டும். இதுவரை மகனும் நானும் சேர்ந்து தூக்கி இறக்கினோம். போன வருடம் இறக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் படுக்கை. மகனும் இப்போது வேலைக்காக வேறு மாநிலத்தில் இருக்கிறான். அதனால் 440/880 பவுண்டு என்று எழுதியிருக்கும் பாரம் தூக்கும் சின்ன மின்சார ஹாய்ஸ்ட் ஒன்று வாங்கிவிட்டேன். கராஜ் கூரையைத் தாங்கும் மர டிரஸ்ஸில் (சட்டக் கூட்டில்) தலையில் வளையம் உள்ள ஐ போல்ட் ஒன்றை முறுக்கி, அதில் ஹாய்ஸ்ட்டை மாட்டி, ஹிட்ச்சைத் தூக்கி, ஏப்ரல் வரை அப்படியே மேலே தொங்கவிடுவது என் திட்டம். அதன் கீழே காரையும் நிறுத்திக்கொள்ளலாம். மனைவி பயப்படுகிறாள். செய்யலாமா?

பதில்: உங்கள் வீட்டம்மா பயப்படுவது நியாயம்தான். அதே சமயம், இனி கையால் தூக்குவதில்லை என்று நீங்கள் எடுத்த முடிவும் சரி. திட்டத்தில் பாதியை வைத்துக்கொள்வோம், பாதியை மாற்றுவோம். ஹாய்ஸ்ட்டால் தூக்குங்கள். ஆனால் கூரை டிரஸ்ஸில் மாட்டாதீர்கள், மாதக்கணக்கில் தொங்கவும் விடாதீர்கள். தூக்கியதும் ட்ரக்கை நகர்த்திவிட்டு, அடுத்த நிமிடமே ஹிட்ச்சைத் தரைக்கு இறக்கி, சக்கரப் பலகை ஒன்றில் உட்கார வைத்துவிடுங்கள்.

கனமான பொருள்களைக் கட்டித் தூக்கி நகர்த்தும் ரிக்கர் வேலையில் 24 வருடம் இருக்கிறேன், திருச்சியில் தொடங்கி இப்போது இந்த நாட்டில். இந்த வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, கொக்கிக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதற்கு முன் கொக்கிக்கு மேலே இருப்பதைப் பார் என்பதுதான். உங்கள் விஷயத்தில் 260 பவுண்டு, அதாவது சுமார் 118 கிலோ, ஹாய்ஸ்ட்டுக்குப் பெரிய பாரமே இல்லை. கூரைக்குத்தான் பெரிய பாரம்.

அமெரிக்க வீடுகளின் கராஜ் கூரை பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்து வந்த டிரஸ். மெல்லிய மரச் சட்டங்களைப் பல் வைத்த இரும்புத் தகட்டால் இணைத்து, இரண்டு அடிக்கு ஒன்றாக வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கூரைமேல் விழும் பனியையும் காற்றையும் தாங்கிச் சுவருக்குக் கொண்டுபோவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. கீழே படுத்திருக்கும் சட்டம் முக்கியமாக மேல் பாகங்கள் விரிந்து போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஜிப்சம் பலகையையும் இன்சுலேஷனையும் தாங்கும், அதற்கு மேல் கொஞ்சம். பொருள் வைக்காத பரணுக்கு வீட்டுக் கட்டுமான விதி எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம் சதுர அடிக்கு 10 பவுண்டு. டிரஸ் இரண்டு அடி இடைவெளியில் இருந்தால், ஒரு டிரஸ்ஸின் பங்குக்கு ஓர் அடி நீளத்தில் 20 பவுண்டு வருகிறது. நீங்களோ ஹிட்ச், ஹாய்ஸ்ட், கொக்கி எல்லாம் சேர்த்து 300 பவுண்டை ஒரே புள்ளியில் தொங்கவிடப் போகிறீர்கள். பதினைந்து அடி நீளத்துக்குப் பரவ வேண்டிய பாரம் அது.

நீங்கள் தொங்கவிட நினைக்கும் காலமும் எனக்குக் கவலை தருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்கிறீர்கள். மிச்சிகனில் கூரைமேல் பனி குவிந்து, டிரஸ் தன் முழு வேலையையும் செய்கிற மாதங்கள் அவை. மேலே பனி அழுத்தும்போது கீழ்ச் சட்டம் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும். அதன் நடுவில் ஒரு துளையும் போட்டு, கீழ்நோக்கி ஒரு பாரத்தையும் கட்டினால் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. டிரஸ்ஸை வெட்டுவதும் துளைப்பதும் அதைச் செய்த நிறுவனமோ கட்டமைப்புப் பொறியாளரோ எழுதிக் கொடுக்காமல் செய்யக்கூடாத வேலை. கூரையில்தான் மாட்டியாக வேண்டும் என்று உங்களுக்குத் தீர்மானமாக இருந்தால், பொறியாளர் ஒருவரை அழைத்து, சுவரிலிருந்து சுவருக்கு நிற்கும் தனி உத்தரம் ஒன்றுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வருடத்தில் இரண்டு முறை நடக்கும் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

தொங்கவிட்டு வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். துவாக்குடியில் நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில், ஒரு நாள் தேநீர் நேரம் வந்ததும் சின்னக் கியர்பாக்ஸ் ஒன்றைச் செயின் பிளாக்கில் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் கருவியில்) தொங்கியபடி விட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டோம். திரும்பி வரும்போது அது தரையில் கிடந்தது, சிமெண்டில் ஒரு குழி. செயின் அறுந்திருக்கவில்லை, பிளாக்கும் பழுதாகவில்லை. மேலே சுற்றியிருந்த பழைய பெல்ட் ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் பட்டை), சட்டத்தின் கூர் விளிம்பில் உரசி உரசி அறுபட்டிருந்தது. பத்து நிமிடம் முன்னால் எங்களில் ஒருவர் அதன் கீழே குனிந்து நின்று போல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தொங்குகிற எதையும் விட்டு நான் நகர்வதில்லை. அமெரிக்காவில் ஹாய்ஸ்ட்டுகளுக்கான பி30.16 தரவிதியும் இதையே சொல்கிறது: தனி முன்னேற்பாடு இல்லாமல், தொங்கும் பாரத்தை ஆளில்லாமல் விடக்கூடாது. உங்கள் சின்ன ஹாய்ஸ்ட்டின் கையேட்டை எடுத்துப் பாருங்கள், அதிலும் இது இருக்கும். கீழே கார் நிறுத்துவது கிடக்கட்டும், அந்தக் காரில் ஏற இறங்க நீங்கள் இருவரும் ஐந்து மாதம் அதன் கீழேதானே நடப்பீர்கள்?

சரி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், முழு ஹிட்ச்சையும் ஒரே துண்டாகத்தான் தூக்க வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலான ஃபிஃப்த் வீல் ஹிட்ச்சுகளில், டிரெய்லரின் கிங்பின்னை (கீழே நீட்டி நிற்கும் கனத்த முளையை) கவ்வும் தலைப்பகுதி தனியாகக் கழன்று வரும். இரண்டு பின்னை (செருகு ஆணியை) உருவினால் போதும். ஸ்லைடரில் அடிச்சட்டம்தான் கனம், ஆனாலும் தலையைக் கழற்றினால் மொத்தப் பாரம் கணிசமாகக் குறையும். முக்கியமாக, ஆடுகிற பாகம் போய்விடும். அதற்காக அந்தத் தலையைக் கையால் தூக்கலாம் என்று எண்ண வேண்டாம். எல்லாம் தோதாக அமைந்த நிலையில், உடம்பை ஒட்டிப் பிடித்து, இடுப்பு உயரத்தில் தூக்குவதற்கே நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 51 பவுண்டு. பெட்டுக்குள் குனிந்து, கையை நீட்டி, திரும்பித் தூக்கும்போது அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கிவிடும். உங்கள் இடுப்பு போன வருடமே இதைச் சொல்லிவிட்டது. தலையையும் ஹாய்ஸ்ட்டிலேயே இறக்குங்கள்.

இரண்டாவது விஷயம்தான் இந்த வேலையின் சூட்சுமம். ஹிட்ச்சைப் பெட்டின் பக்கச் சுவருக்கு மேலே உயர்த்தத் தேவையே இல்லை. டெயில்கேட்டை, அதாவது பெட்டின் பின்கதவை, கழற்றிவிடுங்கள். பின்பக்கக் கேமரா இருந்தால் அதன் ஒயர் இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் அறுந்துவிடும். டெயில்கேட் போய்விட்டால் பெட்டின் பின்பக்கம் திறந்த வாசல். பெட்டின் தளத்தில் ஹிட்ச்சைப் பூட்டும் ரெயிலிலிருந்து அதை நாலு அங்குலம் தூக்கிப் பிடித்தால் போதும், ட்ரக்கை மெல்ல முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஹிட்ச் நின்ற இடத்திலேயே நிற்கும், வண்டி அதன் கீழிருந்து நழுவிவிடும். பாரத்தை நகர்த்தாமல் வண்டியை நகர்த்துவதால், ஆட்டமும் இல்லை, உயரமும் வேண்டாம், கவிழும் பயமும் குறைவு.

இதற்கு எதில் மாட்டுவது? எனக்கு இரண்டு வழி தெரிகிறது.

ஒன்று, மெக்கானிக் ஷெட்டில் இன்ஜின் இறக்கும் மடக்கு கிரேன். அடியில் இரண்டு நீளக் கால், மேலே ஹைட்ராலிக் ஜாக்கியில் எழும் கை. 2 டன் என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கையை முழுக்க உள்ளே வைத்தால்தான் 2 டன், முழுக்க நீட்டினால் பொதுவாக அரை டன்தான். உங்களுக்கு அரை டன்னே தாராளம். கை எட்டுமா என்பதுதான் கேள்வி. ஹிட்ச்சின் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும். பெட்டின் பின் விளிம்பிலிருந்து அது ஏறக்குறைய 4 அடி வரும். கிரேனின் தூண் பம்பருக்குப் பின்னால் நிற்க வேண்டும், கால்கள் பின் சக்கரங்களுக்கு நடுவே வண்டிக்கு அடியில் போக வேண்டும், கை அந்த 4 அடியையும் தாண்டி எட்ட வேண்டும். கடைக்கு அளவு நாடாவோடு போங்கள். தூணிலிருந்து கொக்கி வரை அளந்து, பம்பரின் நீட்டலையும் சேர்த்துப் பாருங்கள். கால்களின் உயரம், பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் இடிக்காமல் இருக்க வேண்டும். எட்டினால் இதுவே உங்களுக்குச் சுலபம், வேலை முடிந்ததும் மடக்கி மூலையில் வைத்துவிடலாம். ஆனால் பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு கிரேனை உருட்டாதீர்கள். சிறு கல் ஒன்று சக்கரத்தில் மாட்டினால் போதும், கிரேன் முன்னால் சாய்ந்துவிடும். வண்டியை நகர்த்தி, பாரத்தை முழங்காலுக்குக் கீழே இறக்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

எட்டாவிட்டால் அடுத்தது கேன்ட்ரி. இரண்டு பக்கமும் "ஏ" எழுத்து வடிவில் கால், மேலே குறுக்கே ஒரு இரும்பு பீம், அதில் ஓடும் டிராலியில் செயின் பிளாக். பாரம் நேராகத் தரைக்குப் போய்விடுவதால் வீட்டுக் கூரைக்குச் சம்பந்தமே இல்லை. அரை டன், ஒரு டன் கேன்ட்ரிகளை இயந்திரங்கள் வாடகைக்கு விடும் கடைகளில் நாள் கணக்கில் எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு நாள் வேலை என்பதால் உங்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ட்ரக்கின் பின்பகுதி மட்டும் கால்களுக்கு நடுவே நுழைந்தால் போதும், கண்ணாடிகள் அந்த அளவுக்கு வராது. ஒற்றைச் சக்கர ட்ரக்கின் அகலம் 80 அங்குலம் சொச்சம் இருக்கும். உள் அகலம் 8 அடி உள்ள கேன்ட்ரி என்றால் இரு பக்கமும் ஒரு சாண் அளவு இடம் கிடைக்கும்.

உயரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். தரையிலிருந்து பெட்டின் தளம் 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஹிட்ச் 17, அதற்கு மேல் ஸ்லிங் 15, செயின் பிளாக்கின் மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் குறைந்தபட்ச இடைவெளி 13, தூக்க வேண்டியது 4. மொத்தம் 86 அங்குலம். உங்கள் கராஜ் 8 அடி உயரம் என்றால் 96 அங்குலம். மிச்சமுள்ள 10 அங்குலத்துக்குள் பீமும் டிராலியும் அடங்க வேண்டும், இடம் போதாமல் போகலாம். 9 அடி என்றால் கவலையில்லை. இந்த எண்கள் நான் மாதிரிக்குப் போட்டவை, உங்கள் ட்ரக்கிலும் ஹிட்ச்சிலும் நீங்களே அளந்து போடுங்கள். இடம் போதவில்லை என்றால் தலைப்பகுதியை முதலில் கழற்றிவிடுவது உயரத்திலும் உதவும். திறந்த கராஜ் கதவையும் மறக்க வேண்டாம், அது கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு வாசலிலிருந்து ஏழெட்டு அடி இடத்தை எடுத்துக்கொள்ளும். ட்ரக்கைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றினால் ஹிட்ச் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

நீங்கள் வாங்கிய மின்சார ஹாய்ஸ்ட்டைப் பற்றி: 440/880 என்று எழுதியிருந்தால், கம்பி ஒற்றையாக இறங்கும்போது 440 பவுண்டு, கூடவே வரும் கப்பிக் கொக்கியைப் போட்டு இரட்டையாக்கினால் 880 பவுண்டு. உங்கள் 260க்கு ஒற்றையே போதும் என்றாலும் இரட்டையாக்குவதே நல்லது. கம்பியில் இழுவை பாதியாகிறது, வேகமும் பாதியாகிறது. மெதுவாகத் தூக்குவது உங்களுக்கு வசதி. ஆனால் இன்னும் பிரிக்காமல் இருந்தால், கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அரை டன் கைச் செயின் பிளாக் வாங்கச் சொல்வேன். பட்டனை அழுத்தினால் இந்த மோட்டார் வெடுக்கென்று கிளம்பும். செயின் பிளாக்கில் ஒவ்வொரு கண்ணியாக இழுக்கலாம், மில்லிமீட்டர் கணக்கில் நிறுத்தலாம். சங்கிலியைக் கையிலிருந்து விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். அறுபது வயதுக்காரர் ஒரு கையால் இழுக்கலாம். ஏடிவி வண்டிகளில் வரும் 12 வோல்ட் வின்ச்சை மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது கிடைமட்டமாக இழுப்பதற்கு. சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டும் தூக்குவதற்கு அல்ல.

அடுத்து, ஹிட்ச்சில் எங்கே மாட்டுவது. ஃபிஃப்த் வீல் தலை நாலா பக்கமும் சாய்ந்து ஆடும்படி செய்யப்பட்டது, டிரெய்லர் மேடு பள்ளத்தில் ஆட வேண்டுமே. அந்தத் தலையில் ஒரு பக்கமாகக் கொக்கியைப் போட்டால், தூக்கியதும் தலை ஒரு புறம் திரும்பும், அடிச்சட்டம் மறுபுறம் சாயும். ஆகவே தலையைக் கழற்றவில்லை என்றால் அதை அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு அடிச்சட்டத்தின் இரண்டு பக்கக் கால்களுக்குள்ளும் ஒவ்வொரு பாலியெஸ்டர் பெல்ட் ஸ்லிங்கை விட்டு, நாலு முனையையும் மேலே ஒரு ஷேக்கிளில் (யு வடிவ இரும்பு வளையத்தில்) சேருங்கள். கூர் விளிம்பு படும் இடத்தில் பழைய தீயணைப்பு ஹோஸ் துண்டோ தடித்த தோலோ வையுங்கள். துவாக்குடியில் அறுந்தது அங்கேதான்.

ஸ்லிங்கின் சாய்வும் கணக்கு. இரண்டு கால் ஸ்லிங் தரையிலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் பாரத்தின் 58 சதவீதம் இழுவை வரும். 45 டிகிரியில் 71 சதவீதம். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழுப் பாரமே வந்துவிடும். உயரம் போதவில்லை என்று ஸ்லிங்கைக் குட்டையாக்கத் தோன்றும்போது இந்த எண்களை நினைவில் வையுங்கள். ஸ்லிங்கில் தைத்திருக்கும் சீட்டில் எவ்வளவு பாரம் என்று எழுதியிருக்கும். சீட்டு இல்லாத ஸ்லிங்கைத் தொடாதீர்கள்.

சில ஹிட்ச்சுகளுக்கு, தாடைக்குள் கவ்விக்கொள்ளும்படி கிங்பின் வடிவில் தூக்கு வளையம் தனியாக விற்கிறார்கள். உங்கள் ஹிட்ச்சுக்கென்றே செய்தது கிடைத்தால் வாங்கலாம், நடுப்பகுதியிலிருந்து நேராகத் தூக்க வசதி. தாடை பூட்டியதா, பூட்டின்மேல் பாதுகாப்புப் பின் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்து வாங்க வேண்டாம். சாதாரண ஐ போல்ட்டையும் ஹிட்ச்சின் ஏதோ ஒரு துளையில் போட்டு, பக்கவாட்டில் இழுக்க வேண்டாம். ஐ போல்ட் நேர் மேலே இழுக்கும் பாரத்துக்கானது. 45 டிகிரி சாய்ந்தாலே, தோள்பட்டை உள்ள நல்ல வகைகூடத் தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்துவிடும்.

தூக்கும் நாளன்று ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். ஹிட்ச்சை ரெயிலோடு பிடித்து வைத்திருப்பவை நாலு பின்கள். அவற்றில் ஒன்றை எடுக்காமல் மறந்துவிட்டாலோ, துருப்பிடித்துச் சிக்கியிருந்தாலோ, நீங்கள் சங்கிலியை இழுக்க இழுக்க 260 பவுண்டு ஹிட்ச்சை அல்ல, ட்ரக்கின் பின்பகுதியையே தூக்கிக்கொண்டிருப்பீர்கள். மூன்று மூலை எழும், ஒரு மூலை பிடித்துக்கொண்டிருக்கும், பாரம் ஆயிரத்தைத் தாண்டும். திடீரென்று அந்தப் பின் விடுபட்டால் ஹிட்ச் துள்ளும். சின்ன ஹாய்ஸ்ட்டுகள் பலவற்றில் அதிக பாரத்தைக் கண்டு நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. அதனால் நாலு பின்னையும் நாலு கிளிப்பையும் உருவி ஒரு டப்பாவில் போட்டு, எண்ணிப் பார்த்த பிறகே சங்கிலியைத் தொடுங்கள். பின் இறுகியிருந்தால், ஸ்லிங்கில் தொய்வு மட்டும் போகும் அளவுக்கு லேசாக இழுத்துவிட்டு, ஹிட்ச்சைக் கையால் அசைத்துக்கொண்டே பின்னை உருவுங்கள். உப்புச் சாலைகளில் ஓடிய வண்டி என்பதால் முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வைப்பது நல்லது.

எல்லாம் தயாரானால் ஒரு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். சாய்கிறதா? ஸ்லிங் நழுவுகிறதா? சாய்ந்தால் இறக்கிவிட்டு, கனமான பக்கம் நோக்கிக் கொக்கியை நகர்த்தி மறுபடி பாருங்கள். முதல் தடவையே சரியாக வராது, எங்களுக்கும் வராது. கட்டுமான இடத்தில் நாங்கள் மூன்று நாலு முறை இறக்கி ஏற்றுவோம். நேராக நின்றால் நாலு அங்குலத்துக்குக் கொண்டுபோங்கள். பாரம் இறங்கியதும் ட்ரக்கின் ஸ்பிரிங் விரிந்து பெட் கொஞ்சம் மேலே வரும், அதையும் சேர்த்து இடைவெளி பாருங்கள்.

அப்புறம் ட்ரக். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வண்டியை நகர்த்தும் அந்த நேரத்துக்கு மட்டும் இன்ஜினைப் போடுங்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் உயிருக்கு ஆபத்து. நீங்கள் ஓட்டுங்கள், வீட்டம்மா ஹிட்ச்சைப் பார்க்கட்டும். பார்ப்பவர் பெட்டுக்குள் நிற்கக்கூடாது, ஹிட்ச்சுக்கும் சுவருக்கும் நடுவிலும் நிற்கக்கூடாது. அது சாய்ந்தாலும் தொட முடியாத தூரத்தில் பக்கவாட்டில் நின்று, கண்ணாடியில் உங்கள் பார்வைக்குத் தெரிய வேண்டும். கையை உயர்த்தினால் நிறுத்து என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் "நிறுத்துங்க" என்று கத்தினால் காரணம் கேட்காமல் பிரேக்கை மிதியுங்கள். ஹிட்ச் ஆடினால் கையால் பிடிக்கப் போக வேண்டாம். முன்கூட்டியே அடிச்சட்டத்தில் ஆறடிக் கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால், தூரத்தில் நின்று அதைப் பிடித்தே ஆட்டத்தை அடக்கலாம்.

ட்ரக் வெளியே போனதும் கீழே சக்கரப் பலகையை வைத்து இறக்குங்கள். வீட்டுச் சாமான் நகர்த்தும் 1000 பவுண்டு பலகை போதும், மேலே ஒட்டுப்பலகை ஒன்று போட்டுக்கொண்டால் ஹிட்ச்சின் கால்கள் நழுவாது. கராஜ் தரை தண்ணீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். 260 பவுண்டு மெல்ல உருளத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். அதனால் பிரேக் உள்ள சக்கரமாக வாங்குங்கள், சுவரோரம் கொண்டுபோய் இரண்டு மரத்துண்டும் முட்டுக் கொடுங்கள். தாடையிலும் தலைத் தட்டிலும் இருக்கும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, புதுசாக மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, மூச்சு விடும் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். இவ்வளவு தாழ்வான பொருளைக் காரின் முன்மூக்குக்குக் கீழேகூட நிறுத்தலாம். நீங்கள் தொங்கவிட்டு மிச்சப்படுத்த நினைத்த இடம் இதிலேயே கிடைத்துவிடும்.

பாரத்தையே குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பெட்டின் நடுவே, கூஸ்நெக் என்ற வேறு வகை டிரெய்லரை மாட்டும் பந்து உள்ள ட்ரக்குகளுக்கு, அதில் உட்காரும் அலுமினிய இணைப்பு கிடைக்கிறது, எடை 40 பவுண்டு சுமார்தான். ஆனால் உங்கள் சின்ன பெட்டில் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினை இடிக்காமல் இருக்குமா என்பதையும், டிரெய்லர் சட்டகத்துக்கான உத்தரவாதம் அதனால் பாதிக்கப்படுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே மாற வேண்டும்.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று. டெட்ராய்ட்டில் 1914ல் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், மர வியாபாரி ஒருவர் தன் படகை ஃபோர்டு காரில் இழுத்துப் போகக் கேட்டதற்காக ஒரு இழுவண்டி செய்து கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் அவருடைய டிரெய்லர் கம்பெனி. ஃபிஃப்த் வீல் என்ற பெயர் அதற்கும் முந்தையது. குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாக்கில் வைத்த வளையத்துக்குத்தான் ஐந்தாவது சக்கரம் என்று பெயர். நீங்கள் ஒவ்வொரு வருடமும் கழற்றி மாட்டுவது அதன் வழியில் வந்தது.

ஏப்ரலில் திரும்ப மாட்டும்போது இதே வேலை தலைகீழாக. ரெயிலின் துளைகளில் உப்பும் மண்ணும் இறுகியிருக்கும், முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். ட்ரக்கைப் பின்னால் எடுத்து ஹிட்ச்சுக்குக் கீழே நிறுத்துவதுதான் கடினம். அதற்காக இந்த அக்டோபரிலேயே, ட்ரக் நிற்கும் இடத்தில் பின் சக்கரங்கள் தொடும் இடத்தைத் தரையில் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். மாட்டிய பிறகு நாலு பின், நாலு கிளிப் என்று டப்பா காலியாக வேண்டும். முதல் பயணத்துக்கு டிரெய்லரைக் கோக்கும்போது, டிரெய்லரின் முன்கால்கள் இன்னும் தரையைத் தொட்டிருக்கையிலேயே அதன் பிரேக்கைக் கையால் போட்டு, ட்ரக்கை ஒரு முறை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். தாடை சரியாகப் பூட்டவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்ஜின் கிரேன் எட்டுமா என்று முடிவு செய்ய எனக்கு மூன்று அளவுகள் வேண்டும். டெயில்கேட்டைக் கழற்றிய நிலையில் பம்பரின் வெளி விளிம்பிலிருந்து ஹிட்ச்சின் நடுப்பகுதி வரை, தரையிலிருந்து ஹிட்ச்சின் உச்சி வரை, தரையிலிருந்து டிஃபரன்ஷியலின் அடிப்பகுதி வரை. கராஜ் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள், எந்த அளவு கிரேன் அல்லது கேன்ட்ரி எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஐ போல்ட்டை டிரஸ்ஸில் முறுக்க வேண்டாம்.